ஒன்றரை அங்குலம்

கோடை விடுமுறையில் ஒரு காலை. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் கழிப்பறைத் தரையில் நான் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் தையல்காரர்கள் வைத்திருக்கும் இன்ச் டேப். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து வயது யாழினி. அவளுடைய குதிகாலிலிருந்து முட்டிக்குப் பின்னால் மடிகிற இடம் வரைக்கும் மூன்றாவது தடவையாக அளந்துகொண்டிருந்தேன்.

வாசலில் தலைமையாசிரியை லூர்து மேரி டீச்சர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். "ஜாக்கெட்டு தைக்கக்கூட இத்தினி தடவ அளக்க மாட்டாங்க மேடம்" என்றார். யாழினி சிரித்துவிட்டாள். சிரித்தால் அவளுக்கு இரண்டு காலும் விறைத்துக்கொள்ளும், அளவு தப்பிப் போகும். நான்காவது தடவையும் அளக்க வேண்டியதாயிற்று.

செருப்போடு சேர்த்துப் பன்னிரண்டு அங்குலம். நான்கு தடவையும் அதேதான் வந்தது. அளந்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்த கூத்துக்கு இன்ச் டேப் பொறுப்பில்லை.

சுவர் ஓரத்தில் யாழினியின் அம்மா செல்வி நின்றிருந்தாள். மகள் நாற்காலியிலிருந்து எழ முயன்றதும், யாரும் சொல்லாமலே குனிந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பத்து வருஷமாக அப்படித்தான் தூக்குகிறாள்.

பிசியோ மேடம்

போன வாரம் எங்கள் மையத்தில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி, முட்டி வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று கேட்டு வந்தவை. ஐயா, அம்மா, எண்ணெயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தாளிக்க மட்டும்தான் தெரியும்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக: நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளர். விருத்தாசலத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வள மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். மற்ற நாட்களில் ஸ்கூட்டியில் பெரிய பந்து ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் பள்ளி பள்ளியாகப் போவேன். கம்மாபுரம் சாலையில் அந்தப் பந்தோடு போகும்போது டீக்கடையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருந்தால் டாக்டரம்மா என்றிருப்பார்கள். இங்கே நான் பிசியோ மேடம். பிள்ளைகளுக்கு மிஸ்.

பள்ளிக்கூடத்தில் வைத்துச் சிகிச்சை கொடுப்பதில் ஒரு வசதி உண்டு. பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தையே பார்த்துவிடலாம். இதை நான் கற்றுக்கொண்டது மங்கலம்பேட்டையில். அங்கே ஒருவர், வளைகுடாவில் சம்பாதித்தவர், மகனுக்காக மோட்டார் வைத்த சக்கர நாற்காலி ஒன்றை அங்கிருந்தே அனுப்பியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அது கூடத்தில் நின்றது. அதன்மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். வீட்டு வாசலில் மூன்று படி, வண்டி இறங்கவில்லை. கடல் தாண்டி வந்த வண்டிக்கு மூன்று படி தாண்ட வழியில்லை.

அன்று நான் அந்த வீட்டாரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். அளந்து பார்த்து வாங்க வேண்டாமா என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் சேர்த்து வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்தடி

யாழினி பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போகச் சற்றுத் தாமதம். அந்தக் கொஞ்ச நேரம் அவள் கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. வாய் நீளம்தான் கொஞ்சம் கூடுதல்.

அவள் அப்பா போர்வெல் வண்டியில் வடக்கே எங்கெங்கோ போய்விடுவார், வருஷத்தில் சில வாரங்கள்தான் ஊரில் இருப்பார். செல்வி ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கழிப்பறைக்கான பீங்கான் க்ளோசெட் செய்கிற கம்பெனி. மோல்டு என்கிற அச்சிலிருந்து எடுத்த ஈர மண்ணில், அச்சின் பாதிகள் சேர்ந்த கோடான தையலை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. கம்பெனிக்கு எதிரிலேயே தொடக்கப்பள்ளி. இன்டர்வெல் மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, மகளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒதுங்க வைத்துவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பி ஓடுவாள். அஞ்சு வருஷம் இப்படி ஓடினாள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? யாழினியை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வாக்கர் பிடித்துப் பத்து அடி' என்று இலக்கு எழுதியிருந்தது. இரண்டு வருஷம் அதற்காக அவள் உயிரை எடுத்தேன். நீட்டு, மடக்கு, நில், இன்னொரு தரம். ஒருநாள் அவள் பத்து அடி நடந்தேவிட்டாள். நான் கை தட்டினேன். போட்டோ எடுத்தேன். எனக்குக் கண் கலங்கியது.

அவளோ வாக்கரைப் பிடித்தபடி நின்று என்னையே பார்த்தாள்.

"பத்தடி நடந்து எங்க மிஸ் போறது? கக்கூசுக்கே இருவது அடி இருக்குது."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. காலையிலிருந்து அவள் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அம்மாவை ஒரு தடவைக்கு மேல் ஓட வைக்கக்கூடாதாம். என் பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டமே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் அவளிடம் கோபம்தான் காட்டினேன், இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று. நீங்க கேக்கவே இல்லியே என்றாள்.

அந்தப் படிவம்

அஞ்சாம் வகுப்பு முடிந்தது; அதற்குள் யாழினி வாக்கரோடு இருபது அடியும் நடக்கப் பழகிவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். அது கம்பெனியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இன்டர்வெல்லுக்குச் செல்வியால் ஓடிவர முடியாது.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை லூர்து மேரி டீச்சர் நேர்மையானவர். சேர்க்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை, மனசும் இல்லை. ஆனால் உள்ளதைச் சொன்னார். பள்ளிக்கு ஒரே ஓர் ஆயா, அதுவும் அரை நாள்தான். வளர்கிற பெண் பிள்ளை, ஈரத் துணியோடு வகுப்பில் உட்கார நேர்ந்தால் அவள் மனசு என்னாகும் என்று கேட்டார். அவள் தானாகப் போய் வர முடிந்தால் சந்தோஷம். முடியாவிட்டால் வீட்டுவழிக் கல்விப் பதிவேட்டில் பெயரை மாற்றிவிடலாம், வாரம் ஒருநாள் ஆசிரியர் வீட்டுக்கு வருவார் என்றார்.

அப்படி மாற்றுவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. நடக்கவே முடியாமல் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவேடு பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிற, வாயாடி யாழினியை நான்கு சுவருக்குள் வைத்துவிட்டு வாரம் ஒருநாள் போய்ப் பார்ப்பது என்றால்? செல்வியும் வேலையை விட வேண்டியிருக்கும். படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

புதுப் பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. சாய்தளம் இருந்தது, கதவு அகலமாக இருந்தது. உள்ளே இருந்ததோ பெரியவர்களுக்கான உயரமான க்ளோசெட். யாழினியை அதில் உட்கார வைத்துப் பார்த்தோம். கால் அந்தரத்தில் தொங்கியது. இறுகின கால் உள்ள பிள்ளைகளுக்குக் குதிகால் தரையில் அழுத்தமாகப் பட வேண்டும். படவில்லையென்றால் உடம்பு முழுவதும் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எதுவும் வெளியே வராது. முன்னால் பலகை போடலாம் என்றால் வாக்கரை வைத்துக்கொண்டு பலகைமேல் ஏற முடியாது.

குட்டையாக ஒரு க்ளோசெட் வேண்டும். கடைத்தெரு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள், எங்க கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாமா என்று. அடச்சே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றிருந்தது. நாள் முழுவதும் அவள் கையில் புரள்வது அதுதானே.

மண் சுருங்கும் ஊர்

கம்பெனி முதலாளிக்கு நர்சரிப் பள்ளிகளுக்கென்று சின்ன அளவில் ஒன்று போட வேண்டும் என்று முன்பே யோசனை இருந்திருக்கிறது. மாடல் செய்து வைத்தால் தனக்கும் ஆகும் என்று உடனே ஒப்புக்கொண்டார். மோல்டு செய்வது ஏழுமலை அண்ணன். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசியோடு இருப்பார். அதிகம் பேச மாட்டார்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். என் அப்பா மின்கம்பத்துக்கான பீங்கான் செய்கிற சூளையில் வேலை பார்த்தார். மண் சுருங்கும் என்பது எனக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரியும். பச்சையாக இருக்கும்போது ஓர் அளவு, காய்ந்து வெந்து சூளையைவிட்டு வரும்போது வேறோர் அளவு. பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடும். வெளியூர்க்காரர்கள் இது தெரியாமல் முழிப்பதைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு குஷி.

முதலில் சொன்ன அந்தக் காலை, பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். பன்னிரண்டு அங்குலம் என்று எழுதிக்கொடுத்தால் வெந்த பிறகு குறைந்துவிடுமே என்று, வாசலிலேயே நின்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். சுருக்கத்துக்குச் சேர்த்து, தாளில் உயரம் பதிமூன்றரை என்று எழுதி ஏழுமலை அண்ணன் கையில் கொடுத்தேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சூளைக்காரன் மகள் என்றால் சும்மாவா?

இதைப் படிக்கிற எங்களூர்க்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலை அண்ணன் தாளைப் பார்த்தார், தலையாட்டினார், மடித்து ஆணியில் குத்தினார். மோல்டு செய்து, அது காய்ந்து, மண் கூழ் ஊற்றி, நிழலில் உலர்த்தி, பளபளப்புக்குக் கிளேஸ் பூசி, வேக வைத்து எடுப்பதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. தையல் துடைத்தது செல்விதான். இது என் பொண்ணு உட்காரப் போறது என்று மற்றப் பெண்களிடம் காட்டிக்கொண்டே துடைத்தாளாம்.

குதிகால்

பள்ளி திறப்பதற்கு முந்தின சாயங்காலம்தான் க்ளோசெட்டைப் பதித்தார்கள். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டாயிற்று. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் காலை, பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். செல்வி அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். யாழினிக்குப் புது யூனிஃபார்ம். அன்று முதல் தடவையாகக் காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். நான்தான் குடிக்கச் சொன்னேன்.

வாக்கரோடு உள்ளே வந்தாள், திரும்பினாள், கம்பியைப் பிடித்தாள், உட்கார்ந்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். விரல் நுனி மட்டும் தரையில் பட்டது. குதிகால் எழும்பி நின்றது.

விரல் மட்டும் படுவது, படாமலே இருப்பதைவிட மோசம். கெண்டைக்கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. இரண்டு காலும் கம்பாக நீண்டன. பிடி நழுவி, முன்பக்கமாகச் சரிந்தாள். செல்வி பாய்ந்து அக்குளில் பிடித்துவிட்டாள், அடி படவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியில் யாழினியால் அடக்க முடியவில்லை. குடித்த தண்ணீர் அத்தனையும் புது யூனிஃபார்மில் போயிற்று. கதவு திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

லூர்து மேரி டீச்சர் சட்டென்று கதவை மறைத்து நின்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார். யாழினி அழவில்லை. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வூட்டுக்குப் போலாம் என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அவர்கள் போன பிறகு டீச்சர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் படிவத்தை எடுத்து வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான்.

வெந்ததா, பச்சையா

எனக்குக் கோபம் வந்தால் நேராகக் கிளம்பிவிடுவேன், யோசிப்பதெல்லாம் திரும்பி வரும்போதுதான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லார் முன்னாலும் ஏழுமலை அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பிள்ளை விழ இருந்தது, கேட்டது ஓர் உயரம், நீங்கள் செய்தது ஓர் உயரம், இத்தனை வருஷம் மோல்டு செய்து என்ன பயன் என்றெல்லாம் கேட்டேன். இதைவிடவும் கேட்டேன். அச்சில் வேண்டாம்.

அவர் சுவருக்குப் போய் ஆணியிலிருந்து என் தாளை எடுத்து வந்தார். அதை என்னிடம் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பதிமூனர... இது வெந்த அளவா, பச்ச அளவாங்க மேடம்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பச்சை அளவு என்றேன். நானே சேர்த்துத்தான் எழுதினேன் என்றேன்.

ஏழுமலை அண்ணன் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நானும் சேத்துட்டேங்களே."

கம்பெனிக்கு அளவு கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே முடிவில் எவ்வளவு வேண்டுமோ அதைத்தான் எழுதிக்கொடுப்பார்கள். சுருக்கத்தைச் சேர்ப்பது மோல்டுக்காரர் வேலை. வெளியூர்க்காரர் யார் கொடுத்திருந்தாலும் பன்னிரண்டு என்று எழுதியிருப்பார், பன்னிரண்டே வந்திருக்கும். மண் சுருங்கும் என்று தெரிந்த ஒருத்தி, அதிலும் தெரியும் என்று காட்டிக்கொள்ள நினைத்த ஒருத்தி கொடுத்ததால் ஒன்றரை அங்குலம் கூடிப்போனது. ஈரக் கையோடு நின்றிருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஏழுமலை அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் அடங்கிவிட்டாள்.

அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தன் தப்பு என்று அவர் சொன்னார். அது அவருடைய பெரிய மனசு. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து செல்வியின் வீட்டுக்குப் போனேன். யாழினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செல்வி ஈர யூனிஃபார்மைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வாங்க என்று சொன்னாளே தவிர முகம் கொடுக்கவில்லை. இனி ஸ்கூல் வேண்டாம் என்கிறாள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அதில் நியாயம் இருந்தது.

தரையில் யாழினி பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். உன் கால் அளவை நான் சரியாகத்தான் எடுத்தேன், எழுதிக்கொடுக்கும்போது அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டேன், உயரம் கூடிவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். அவள் ஒரு கையை ஊன்றித் திரும்பினாள்.

"அப்ப, என் காலு மேல தப்பு இல்லியா மிஸ்?"

நான் அந்தப் பிள்ளையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவை எது முடியாமல் போனாலும் 'கால் இன்னும் இறுக்கமா இருக்குது' என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். படி உயரமென்றாலும் கால், பெஞ்ச் சரியில்லையென்றாலும் கால். தப்பு காலில் இல்லை, அளவில் என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முயலவில்லை.

யாழினி என்னைச் சமாதானப்படுத்தினாள். பிறகு பேரம் பேசினாள். ஆட்கள் இருக்கும்போது வர மாட்டாளாம். யாருமே இல்லாதபோது ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பாளாம். சரிப்படவில்லையென்றால் அப்புறம் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை

பதித்த க்ளோசெட்டைப் பெயர்த்தால் உடையும். இன்னொன்று செய்வதென்றால் மாதக்கணக்காகும். ஏழுமலை அண்ணன்தான் வழி சொன்னார்: கோப்பையைக் குறைக்க முடியாது, தரையைக் கூட்டலாமே என்று. கிளேஸ் பூசாத சொரசொரப்பான ஓடுகளைக் கொண்டுவந்து, க்ளோசெட்டைச் சுற்றியும் முன்னாலும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார். கதவுப் பக்கம் வாக்கர் தட்டாதபடி சரிவாக இழைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு செய்து, இரண்டு இரவு காயவிட்டார்.

இந்தத் தடவை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அவர் கேட்டபோது, நான் இன்ச் டேப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரி டீச்சர் கோயிலில் பூசை முடிந்து நேராகச் சாவியோடு வந்தார், கஞ்சி போட்ட சேலையில். நாங்கள் நான்கு பேரைத் தவிரப் பள்ளியில் யாரும் இல்லை. யாழினி உட்கார்ந்தாள். குதிகால் இரண்டும் ஓட்டின்மேல் முழுசாகப் படிந்தன. விறைப்பு இல்லை, ஆட்டம் இல்லை. அவள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், எழுந்திரு என்று நான் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இருங்க மிஸ், நல்லா இருக்குது என்றாள். பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தவள் மாதிரி.

உட்கார்ந்தால் ஆயிற்றா? அது வேண்டும்போது, வேண்டிய நேரத்தில், மணி அடித்து மணி அடிப்பதற்குள் நடக்க வேண்டும். நாளைக்கு இன்டர்வெல்லில் பார்த்துவிடுவோம் என்றார் டீச்சர். படிவம் என் பையில்தான் இருந்தது. யாழினியும் சரி என்றாள். ஆனால் கூட்டம் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

இன்டர்வெல் மணி

திங்கட்கிழமை மணி அடித்தது. வகுப்பு வாசலிலிருந்து யாழினி வாக்கரோடு கிளம்பினாள். நாங்கள் மூன்று பேரும் அவளை அவசரப்படுத்தாமல் பின்னாலேயே போனோம். பிள்ளைகள் முறுக்கு வாங்க ஓடினார்கள், ஒருத்தியும் அவளைக் கவனிக்கவில்லை. வராந்தா, சாய்தளம், அகலக் கதவு. இருபது அடிக்கு மேலேயே இருக்கும். நான் எண்ணவில்லை.

கதவருகில் போனதும் வழக்கம்போல நானும் உள்ளே நுழையப் போனேன். செல்வியும் அக்குளுக்குக் கை கொடுக்கத் தயாராகக் குனிந்தாள். யாழினி வாக்கரைக் குறுக்கே நிறுத்தித் திரும்பினாள்.

"யாரும் வரக்கூடாது."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பத்து வருஷத்தில் அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவும் ஒரு கழிப்பறைக் கதவுக்கு இரண்டு பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்தாயா, குதிகால் படுகிறதா என்று கதவருகில் வாயை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து எரிச்சலோடு பதில் வந்தது.

"பேசாம இருங்க மிஸ். நீங்க பேசிக்கினே இருந்தா எனக்கு வர மாட்டேங்குது."

லூர்து மேரி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று பெண்களும் சுவரைப் பார்த்து நின்றோம். நேரம் போனது. மணி அடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. செல்விக்குத் தன் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், சேலைத் தலைப்பைப் பிடித்தாள், விட்டாள்.

உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. குவளையில் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஏதோ முணுமுணுவென்று பாடும் சத்தம்.

செல்வி மூடிய கதவையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் வெளியே வரும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"அப்ப நான் வேலைக்குப் போயிட்டு வரேன் மேடம்" என்றாள்.